கொடிமரத்தடியில் ஒரு பரீட்சை

எண்பதுகளின் தொடக்கத்தில், கப்பலூர் பட்டறை முதலாளியிடம் சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு, மதுரையில் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்தேன். மூன்று மாதப் படிப்பு. நாயக்கர் காலத்து வருஷங்களை எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பேன். என்னைக் கவிழ்த்தது சனிக்கிழமை வகுப்புதான். கோபப்படும் பயணியிடம் கோபப்படாமல் பேசுவது எப்படி என்று அதில் சொல்லித்தந்தார்கள். எனக்கோ மூக்கின் மேல் கோபம்.

வாத்தியார் வெள்ளைக்காரராக நடிப்பார். மீனாட்சியம்மன் கோயிலில் கொடிமரம் தாண்டி மற்ற மதத்தாருக்கு அனுமதி இல்லை என்பதை அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். இரண்டு முறை ஏன் என்று கேட்டார், சமாளித்தேன். மூன்றாவது முறை கத்திவிட்டேன். திங்கட்கிழமை கோயிலிலேயே, நிஜப் பயணியோடு கடைசிப் பரீட்சை, அங்கேயும் கத்தினால் சான்றிதழ் கிடையாது என்றார். பட்டறைக்கும் இனித் திரும்ப முடியாது.

என் பக்கத்து பெஞ்சுக்காரன் காஜிமார் தெரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. இந்தப் பாடத்தில் அவன்தான் முதல். டீக்கடையில் அவனிடம் யோசனை கேட்டேன்.

"நீ எதுக்க நின்னு பேசுற மாப்ள, அதான் சண்டை வருது. பக்கத்துல போயி நில்லு. நானும் அந்தக் கொடிமரத்தோட நிக்கிறவன்தானே."

எனக்குச் சுருக்கென்றது. வகுப்போடு எத்தனையோ முறை உள்ளே போய்க் கும்பிட்டிருக்கிறேன். அவன் வெளியே நிற்பதை ஒருநாளும் கவனித்ததில்லை.

திங்கட்கிழமை எனக்கு வாய்த்தவர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க விடவில்லையே என்று குரலை உயர்த்தினார். வாத்தியார் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் சுடுசொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு அந்த அம்மா பக்கத்தில் போய், அவர் பார்த்த திசையையே பார்த்து நின்றேன். வருத்தமாகத்தான் இருக்கும், இன்றைக்கு நானும் உள்ளே போகவில்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் தூண்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். வாத்தியார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சான்றிதழ் வாங்கிய அன்று எல்லோரும் அம்மனைக் கும்பிட உள்ளே போனார்கள். நான் மட்டும் கொடிமரத்தடியில் அவன் பக்கத்தில் நின்றுகொண்டேன். எனக்குப் பெரிய மனசு என்று ஒரு நினைப்பு.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "போயி கும்பிட்டுட்டு வா மாப்ள. பக்கத்துல நின்னு சமாதானப்படுத்த நான் என்ன டூரிஸ்டா? எனக்கும் இதான ஊரு."

கூனிக் குறுகி உள்ளே போனேன். அம்மனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.