மைனஸ் மூன்று தடவை எப்படி நடப்பது?

வியாழக்கிழமை காலை செய்தி வந்தபோது ஏழாம் வகுப்பறையில் இருந்தவர்கள்: பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், தலைமையாசிரியை, கடைசி பெஞ்சில் பிள்ளைகளின் அம்மாக்களான நானும், கோயில் வாசலில் பூ விற்கும் விஜயாவும். வரவேண்டியிருந்தவர் கணக்கு டீச்சர் சுலோச்சனா அவர்கள். வாசற்படியில் நின்று கைப்பேசியில் பேசிவிட்டு வந்த தலைமையாசிரியை மேசையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர் இனிமே வரமாட்டாங்கம்மா" என்று எங்கள் இருவரையும் பார்த்துத்தான் சொன்னார். பிள்ளைகள் பக்கம் திரும்ப அவரால் முடியவில்லை. வேங்கிக்காலில் இருக்கும் வீட்டிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு அவர்கள்தாம். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு சாக்பீஸோடு தரையில் இறங்கிவிடுவார்கள்.

என் மகள் அபிராமி ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், வகுப்பில் தூங்குகிறாள் என்று கேள்விப்பட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வீடு இருந்தால் யார் தூங்குகிறார்கள்?

"தூங்கட்டும்ங்க" என்றார் டீச்சர். "பௌர்ணமிக்கு மறுநாள் நான் புதுசா எதுவும் நடத்தறதில்ல. பழசையே திருப்புவேன். முழிச்சிருக்கறவங்களுக்கு லாபம், தூங்கறவங்களுக்கு நஷ்டமில்ல. நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"எட்டாவதுங்க. மீதி வீட்டு வரவு செலவு எழுதியே கத்துக்கிட்டது."

"அப்ப என்னைவிட ஜாஸ்தி கணக்கு போட்டவங்க நீங்க."

அன்று முதல் என்னைப் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள்.

இந்த வருடம் அபிராமிக்கு ஏழாம் வகுப்பில் குறை எண் பாடம் வந்தது. மைனஸ் மூன்றோடு மைனஸ் நான்கைக் கூட்டச் சொன்னால், பாதி வகுப்பு பிளஸ் ஏழு என்று எழுதிக்கொண்டு வந்தது. 'ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ்' என்று தெருவில் எல்லாரும் சொல்வோமே, அது பெருக்கலுக்கு உள்ள விதி. நாங்கள் எல்லாவற்றுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம். டீச்சர் கோபிக்கவில்லை. "ஒரு வாரம் நீங்களும் வந்து உக்காருங்க. நான் ஒண்ணு சொல்ல, நீங்க ஒண்ணு சொல்ல, பிள்ளைங்க எங்க போவாங்க?" என்று அம்மாக்களைக் கூப்பிட்டார்கள். வந்தது நாங்கள் இருவர்.

திங்கட்கிழமை தாழ்வாரத்தில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் பூஜ்யம் எழுதினார்கள். பிளஸ் என்றால் முன்னால் அடி வைக்க வேண்டும், மைனஸ் என்றால் பின்னால். செவ்வாய்க்கிழமை கூட்டல். விஜயாவையே எழுப்பிவிட்டார்கள். மூன்று அடி பின்னால் போய், இன்னும் நான்கு அடி பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள்.

"எங்க நிக்கற விஜயா?"

"மைனஸ் ஏழுல டீச்சர்."

"பிளஸ் ஏழுன்னு சொன்னியே. பின்னாடியே போனா முன்னாடி வந்துடறதுக்கு இது என்ன கிரிவலமா?"

வகுப்பே சிரித்தது. விஜயாதான் அதிகம் சிரித்தாள்.

புதன்கிழமை பெருக்கல். மூன்று தடவை, தடவைக்கு இரண்டு அடி பின்னால், மைனஸ் ஆறு. எல்லாருக்கும் புரிந்தது. அப்போது நந்தினி எழுந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பெண் வகுப்பில் வாய் திறந்ததில்லை என்று அபிராமி சொல்வாள்.

"மூணு தடவை நடக்கலாம் டீச்சர். மைனஸ் மூணு தடவை எப்படி நடக்கறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்கள். "சிரிக்காதீங்க. இந்த வாரத்துக்கே இதான் கேள்வி. நாளைக்கு நந்தினியே நடந்து காட்டுவா. நான் பக்கத்துல நிக்கறேன்." மணி அடித்துவிட்டது.

வியாழன் மதியம் எல்லாரும் வேங்கிக்கால் போனோம். சாமிக்குக் கட்டிய மாலையை விஜயா டீச்சருக்குப் போட்டாள். குற்றமாகாது என்று நானும் சொன்னேன். டீச்சரின் கணவர் என்னிடம் கேட்டார்: "காலைல டீ குடிக்கும்போதுகூட நந்தினி, நந்தினின்னு சொல்லிட்டிருந்தாங்க. யாரும்மா அது?" பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் தோளில் கை வைத்தேன். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுவாரம், புது டீச்சரைப் போடும்வரை என்னைப் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னார் தலைமையாசிரியை. எப்போது போடுவார்கள் என்று அவருக்கும் தெரியாது. அவர் தமிழ் படித்தவர். "எனக்கு விதி மட்டும்தாம்மா தெரியும். மனப்பாடம் பண்ணட்டும்" என்றார். எனக்கும் அதுதான் தெரியும். கடன், வரவு என்று என் வழியில் யோசித்துப் பார்த்தேன். கூட்டலுக்கு ஒத்துவந்தது, பெருக்கலில் நின்றுவிட்டது. கைப்பேசியில் போட்டுக் காட்டிய வீடியோவில் ஒருவர் வேகமாக ஏதோ விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அண்ணாமலையார் சந்நிதியில் நின்றபோதும் இந்தக் கேள்விதான் வாயில் வந்தது. வேறு வேண்டுதல் தோன்றவில்லை.

திங்கட்கிழமை நந்தினி கேட்டாள்: "இன்னிக்கு யாராவது சொல்வாங்களா ஆன்ட்டி?" நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். செவ்வாய்க்கிழமை அவள் கேட்கவில்லை. நோட்டைப் பார்த்தேன். மைனஸ் மூன்று பெருக்கல் மைனஸ் இரண்டு, பிளஸ் ஆறு என்று எழுதியிருந்தாள்.

"ஏன்னு தெரிஞ்சுதாம்மா?"

"தெரியல ஆன்ட்டி. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

விடை சரிதான். தலையாட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனேன்.

டீச்சர், அந்த ஈசன் உங்களைத் தன் பாதத்தில் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் பிள்ளைகளை உட்காரவைக்க என்னால் முடிகிறது. அதற்கு மேல் முடியவில்லை.

டீச்சரிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். மைனஸ் மூன்று தடவை நடப்பதை அவர்கள் உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்கள், காலை எங்கே வைக்கச் சொன்னார்கள் என்று நினைவிருந்தால் பள்ளிக்கு வந்து நந்தினியிடம் சொல்லுங்கள். வர முடியாதவர்கள் எழுதி அனுப்புங்கள். கேட்டதையே அவள் மறந்துபோவதற்குள் பதில் வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.