மூன்று ராத்தல் கழிவு: பதுளைக்கு ஒரு குத்துச்சண்டைக்காரன் போய் வந்த கதை

பதுளைப் பக்கம் போகிறவர்கள் அங்கே என்ன சாப்பிடலாம் என்று மட்டும் என்னைக் கேட்கக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழி தெரியும், வண்டி தெரியும், எங்கே குளிரும், எங்கே சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் தெரியும். சாப்பாட்டுக் கடைகளும் தெரியும். ஆனால் வாசலில் நின்று மூக்கால் பார்த்ததோடு சரி. பெரிய யுத்தம் முடிந்த மறுவருஷம், மாசி மாதத்தில், நான் அங்கே போனது குத்துச்சண்டை போட. எடை ஏறக் கூடாது என்பதால் போகிற வழியெல்லாம் பட்டினி.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன இடத்தில், கப்பல்காரர்களோடு கைகலந்து பழகியவன் நான். பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. சென்னை, ரங்கூன், சிங்கப்பூர் என்று சர்க்கஸ் கூடாரங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் சண்டை போட்டிருக்கிறேன். என் பிரிவுக்கு பான்டம் வெயிட் என்று பெயர். சண்டையன்று உடம்பு நூற்றுப் பதினெட்டு ராத்தலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கை ஓங்காமலே தோற்றதாகக் கணக்கு. இருபது வயதில் அது பெரிய காரியமில்லை. முப்பத்திரண்டில் தண்ணீர் குடித்தால்கூட உடம்பில் ஒட்டிக்கொள்கிறது.

அந்த வருஷம் கொழும்பு சாம்பியனோடு மோத ஓர் ஆள் தேவைப்பட்டது. நமுனுகுல மலையடித் தோட்டமொன்றில் வேலாயுதம் என்று ஒரு பையன், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே பழக்கிவிட்டவன், பதுளையிலும் பண்டாரவளையிலும் எல்லாரையும் அடித்துப் படுக்க வைத்திருந்தான். அவனும் நானும் மோதி, ஜெயிக்கிறவன் கொழும்பு மேடைக்குப் போக வேண்டும். ஏற்பாடு செய்தவர் பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஹமீது நானா. "தம்பி, இதுல உழுந்தா ஒங்களுக்கு இனி மேடை இல்ல. நா சும்மா சொல்லல்ல" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சொன்னது சரிதான். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

கொழும்பில் ராத்திரி மெயில் ஏறினால் காலையில் பண்டாரவளை. அப்போது ரயில் அதோடு நின்றுவிடும். வலது பக்கம் உட்காருவதா, இடது பக்கமா என்று சிலர் கேட்பார்கள். இருட்டில் எந்தப் பக்கமும் ஒன்றுதான். விடிந்ததும் வாசலில் போய் நின்றுகொள்ளுங்கள். அப்புத்தளையில் பனி விலகும்போது கீழே பெரகல பக்கம் ரோடு நெளிந்து இறங்குவது தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே இருந்த செட்டியார் அப்போதுதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். என் கவனம் மலையை விட்டுப் போய்விட்டது.

பண்டாரவளையில் இறங்கியதும் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே கோவா என்கிற முட்டைக்கோசும் கரட்டும் மூட்டை மூட்டையாக வண்டி ஏறிக்கொண்டிருக்கும். அங்கிருந்து பதுளைக்கு மோட்டார் பஸ் ஒன்று இருந்தது. ஒரு ரூபாய், ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். தெமோதரை, ஹாலிஎல வழியாக ஏறக்குறைய இருபது மைல். இறங்க இறங்க வெயில் ஏறும். வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் என்று டிரைவர் எச்சரித்தார்.

"காலையில என்னாங்க சாப்பிட்டீங்க?" என்றார்.

"ஒண்ணும் சாப்பிடல."

"அப்ப பயமில்ல. வாங்க, முன்னுக்கு ஒக்காருங்க."

பட்டினிக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

பதுளையில் ஹமீது நானா வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன். நல்ல மனுஷர். எனக்கு முன்னால் சாப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்ச் சாப்பிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இருட்டோடு இரட்டை மாட்டு வண்டியில் பசறை ரோட்டைப் பிடித்தோம். பசறைக்குப் பதினொரு மைல் என்றார்கள். அதற்கு அப்பால் வேலாயுதத்தின் தோட்டத்து ரோடு, சண்டை அங்கேதான். அந்த ஏற்றத்தில் வண்டியில் உட்கார்ந்திருப்பதைவிட இறங்கி நடப்பது மேல். நான் நடந்தேன். இன்னும் அரை ராத்தல் போகட்டும் என்ற பேராசையும் இருந்தது.

சண்டை பின்னேரம், தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலைக்கு முன்னால் உள்ள வெளியில். கயிறு கட்டி, பலகை அடித்து, துரைமாருக்கு நாற்காலி போட்டு மேடை தயாராக இருந்தது. எடை பார்ப்பது காலையில். பதுளைக் கடைத் தராசை எந்தத் தரப்பும் நம்பத் தயாராக இல்லை. தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் தராசே போதும் என்று துரை சொல்லிவிட்டார். கொழுந்து மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், கூரை விட்டத்திலிருந்து தொங்குகிற தராசு அது. வட்ட முகத்தில் ஒரு முள், கீழே கொக்கி. கொக்கியில் ஒரு சாக்கைத் தூளி மாதிரி கட்டினார்கள். வெறும் சாக்குக்கு முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தியது துரைதான். பிறகு அவர் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு விருந்தாளிகள் பக்கம் திரும்பிவிட்டார். நிறுப்பது கணக்கப்பிள்ளையின் வேலை. லயத்து வரிசை வீடுகளின் ஜனம் முழுக்க மடுவத்தைச் சுற்றி நின்றது.

நான் தூளியில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முள் நூற்றுப் பதினேழில் நின்றது. உயிர் வந்தது.

"நூத்திப் பதினாலு!" என்று கூவினார் கணக்கப்பிள்ளை.

என் கண்தான் பட்டினியில் மங்கிவிட்டது என்று நினைத்தேன். மூன்று ராத்தல் குறைவு! இத்தனை நாள் வயிற்றைக் காயப்போட்டது வீணா என்று ஆத்திரம்கூட வந்தது. நிறுத்து முடிந்ததுதானே என்று ஹமீது நானா மடியிலிருந்து ரொட்டியை எடுத்தார். அதையும் ஒரு செம்புத் தேத்தண்ணியையும் நான் முடித்த வேகத்தைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

அடுத்து வேலாயுதம் தூளியில் ஏறினான். கறுத்து, உருண்டு திரண்ட பையன். சிரித்த முகம்.

"நூத்திப் பதினேழு!"

கூட்டம் கைதட்டியது. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்பியது. வேலாயுதத்தின் அம்மா, மாரியாயி. கொழுந்து பறிக்க இடுப்பில் படங்குச் சாக்கு கட்டின அடையாளம் சேலையில் அப்படியே தெரிந்தது.

"என்னாங்க அய்யா, முள்ளு நூத்தி இருபதுல நிக்குது, நீங்க நூத்திப் பதினேழுங்கிறீங்க! கொழுந்துலதான் மூணு மூணாக் கழிச்சீங்க. எம் புள்ளையிலயுமா கழிப்பீங்க?"

கணக்கப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவைக்கும் மூன்று ராத்தலைக் கழித்துக் கழித்து, அந்த மனுஷருக்கு முள்ளில் இருப்பதைப் படிக்கிற வழக்கமே போய்விட்டிருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கும் கழித்தார், பையனுக்கும் கழித்தார்.

அந்த அம்மா விடவில்லை. "வயித்தக் கட்டி வளத்த புள்ளைங்க அது. நூத்தி இருபது! ஒரு ராத்தல் கொறையக் கூடாது!"

ஜனமும் சேர்ந்துகொண்டது. "ஆமாங்க, நூத்தி இருபதுதான்!" எழுத்துத் தெரியாதவர்கள்கூட அந்த முள்ளை நன்றாகப் படிப்பார்கள், அவர்கள் கூலி அதில்தான் தொங்குகிறது. அவர்கள் வாழ்க்கையில் எடை குறைந்தால் நஷ்டம். குறைந்தால்தான் லாபம் என்று ஒரு தொழில் இருப்பது அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தூளியில் இருந்த பையன் மட்டும் "அம்மா, பேசாம இரும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அது கூச்சலில் அமுங்கிப்போனது.

துரை முதலில் சிரித்தார். தமிழ் புரிந்தவர், இரண்டு நிமிஷத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய ஆள் இரண்டு ராத்தல் அதிகம். நியாயஸ்தர் என்றுதான் சொல்ல வேண்டும், இரண்டு பேரையும் திரும்ப நிறுக்கச் சொன்னார். எனக்கோ இப்போது ரொட்டியும் தேத்தண்ணியும் உள்ளே போயிருந்தன. அரைத்துண்டையும் அவிழ்த்துக் கோவணத்தோடு தூளியில் உட்கார்ந்தேன். முள் ஆடி ஆடி நூற்றுப் பதினெட்டில் நின்றது. கணக்கப்பிள்ளை மூன்று தரம் உற்றுப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். என் ஆயுசில் அவ்வளவு விலை ஏறிய ரொட்டி வேறு கிடையாது.

வேலாயுதம் நூற்றிருபது. சட்டப்படி அவனுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். இரண்டு கம்பளியை உடம்பில் சுற்றிக்கொண்டு ஸ்டோர் ரோட்டில் ஏற்றமும் இறக்கமுமாக ஓடினான். வெயில் சுள்ளென்று இருந்தது. மகன் ஏன் ஓடுகிறான் என்று அப்போதுதான் யாரோ மாரியாயிக்கு விளக்கினார்கள். உடனே அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ரோட்டோரம் நின்றார். அவன் கடக்கும்போதெல்லாம் செம்பை நீட்டினார். கூட ஓடின கங்காணி தடுத்துவிட்டார். கடைசியில் பையன் நூற்றுப் பதினெட்டைத் தொட்டான். உதடு வெளுத்திருந்தது.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் இரண்டு ரவுண்டு அவன் என்னைவிட நன்றாகப் போட்டான். அவன் இடது கை விலாவில் விழுந்தபோது, இவன் என்னைத் தாண்டிப் போகப் போகிறவன் என்று எனக்கே தெரிந்தது. மூன்றாவதில் அவன் கால்கள் விட்டுவிட்டன. ஒரு மணி நேரத்தில் இரண்டு ராத்தலை உருக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான்காவதில் விழுந்தான், எழும்பவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இல்லையென்று எழுதினால் பொய். வெட்கம் என்று ஒன்று வந்தது, பிறகுதான் வந்தது, அதுவும் அந்த அம்மாவைப் பார்த்தபோது.

கொழும்பில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாம்பியனிடம் பாயின்டில் தோற்றேன். ஆனாலும் நன்றாகப் போட்டதாகப் பேச்சு வந்ததால் இன்னும் மூன்று வருஷம் மேடை கிடைத்தது. வேலாயுதத்தை அதற்குப் பிறகு ஒருவரும் கொழும்புக்குக் கூப்பிடவில்லை என்று ஹமீது நானா சொன்னார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மாசி, பங்குனி மாதங்கள் நல்லது. மழை இல்லை, ரோடு சரியாது. பதுளையில் துணிமணி, சாமான் எல்லாம் கிடைக்கும், சுமந்துகொண்டு போக வேண்டாம். தோட்டத்துக்குள் போவதானால் முன்கூட்டியே துரையிடம் சொல்லி அனுப்புங்கள். சொல்லாமல் போனால் காவல்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். திரும்புகிற வண்டி காலையில்தான் கிடைக்கும். அதனால் சண்டை முடிந்து நானும் ராத்திரி அங்கேயே தங்கினேன்.

திங்கட்கிழமை காலை, வண்டிக்காகக் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் சரி. முதல் நிறுவைக்குப் பெண்கள் கூடையோடு வரிசையில் வந்தார்கள். மாரியாயியின் முறை வந்தது. அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

"தூங்குறான்ங்க. ஒங்க மேல கோவமில்ல. நீங்க ஒங்க வேலையச் செஞ்சீங்க."

கூடை கொக்கியில் ஏறியது. முள் பதினாறில் நின்றது.

"பதிமூணு" என்றார் கணக்கப்பிள்ளை. சொல்லிவிட்டு அவரே மாரியாயியைப் பார்த்தார். வரிசை முழுதும் பார்த்தது. நானும் பார்த்தேன். முந்தின நாள் வாயைத் திறந்து மகனைத் தோற்கடித்தவர். இனி ஆயுசுக்கும் திறக்கமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

மாரியாயி கூடையைத் தூக்கவில்லை.

"நேத்து எம் மவனுக்காகக் கேட்டேங்க, தப்பாப் போச்சு" என்றார். "இன்னைக்கு எனக்காகக் கேக்குறேன். பதினாறு."