எசென்ஸ் காய்வதற்குள்

வனிலா எசென்ஸ் புட்டியைத் திறந்ததும் முதலில் வருவது இனிப்பு வாசனை அல்ல, மூக்குக்குள் சுள்ளென்று ஏறும் ஸ்பிரிட்டு நெடிதான். அது பறந்து போன பிறகே துணியிலும் தோலிலும் அந்த பிஸ்கட் வாசனை மெல்ல எழும்பும். புத்தூரில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். என் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், திருப்பதியில் ரயிலடிக்குப் பக்கத்து ரொட்டிக்கடை ஒன்றில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். வாரக் கடைசியில் ரயிலேறி வீட்டுக்கு வரும்போது, அடியில் சில சொட்டுகள் தங்கிய எசென்ஸ் புட்டிகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வருவார். அம்மா அதில் ஒரு சொட்டை என் பின்னல் ரிப்பனில் தடவி, வெயிலில் காயவைத்துத்தான் கட்டிவிடுவாள். "காயட்டும்டி, ஈரத்தோட கட்டிக்கினு ஓடாத, சாராயக்கடை மாதிரி நாறும்" என்பாள். எங்கள் வீட்டுக்குத் தெரிந்த "சென்ட்டு" அது ஒன்றுதான்.

ஒரே வாசனை ஆளுக்கு ஆள் வேறாக மாறுவதை அந்த வயதிலேயே பார்த்துவிட்டேன். அம்மாவுக்கு அது கல்யாணப் பந்தியின் இனிப்பு. என் மாமாவுக்குத் தலைவலி. பக்கத்து வீட்டு மங்கம்மா அத்தைக்கோ அது "முட்டை வாடை". கேக்கில் முட்டை போடுவார்கள் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, நான் படியேறினாலே, "அங்கயே நில்லு கண்ணு, சாமி ரூமாண்ட வராத" என்று கை காட்டி நிறுத்திவிடுவார். எனக்கு அது நைனா. ரிப்பனை மூக்கருகே இழுத்துக்கொண்டால் போதும், வாரத்தின் நடுவிலும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று தெருவுக்குத் தெரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மதுவிலக்கும் கடுமையாக இருந்தது. டிங்சர், வார்னிஷ், எசென்ஸ் என்று கிடைத்ததைக் குடிப்பவர்கள் இருந்தார்கள், அவர்களைப் பிடிக்கப் போலீசும் அலைந்தது. எல்லை விஷயமாக ஊராரின் கருத்தைக் கேட்க அதிகாரி ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரப்போகிறார் என்றார்கள். அவர் முன்னால் தமிழ்ப் பாட்டுப் பாட, தமிழ் வாத்தியார் என்னைத் தேர்ந்தெடுத்தார். நைனா அன்று வேலைக்குப் போகாமல் வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். அவர் பாட்டுக் கேட்க வருவது என்பது எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி.

கடைசி ஒத்திகையன்று சீக்கிரமே ஆள் அனுப்பினார்கள். ரிப்பன் காயவில்லை. அம்மா கூப்பிடக் கூப்பிட ஓடினேன். வரிசையைச் சரிசெய்துகொண்டு வந்த வாத்தியார் என் தலைக்கு மேல் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"ஏய், இங்க வா. வாயத் தொற. ஊது."

போலீஸ்காரர் குடிகாரனைச் சோதிப்பது போல அத்தனை பிள்ளைகள் முன்னால் என்னை ஊதச் சொன்னார். ஊதினேன்.

"எசென்ஸ் சார்... ரொட்டிக்கடை எசென்ஸ், ரிப்பன்ல..."

"அதத்தான்டி இப்ப குடிக்கிறானுங்க! உங்கப்பன் குடிச்சிப்புட்டு மிச்சத்த உன் தலையில தடவி அனுப்புறானா? ஆபீசர் முன்னாடி சாராய வாடையோட நின்னு தமிழருங்க மானத்த வாங்கப் பாத்தியே!"

பிள்ளைகள் சிரித்தார்கள். என் இடத்தில் வேறொரு பெண்ணை நிறுத்திப் பாட்டைத் தொடங்கச் சொன்னார்.

அன்று மாலைக்குள் நைனா ஊருக்கெல்லாம் குடிகாரராகிவிட்டார். வெற்றிலைகூடப் போடாத மனிதர். கான்ஸ்டபிள் வந்து ஜன்னலில் இருந்த புட்டிகளை முகர்ந்து பார்த்து எடுத்துப் போனார். தெருப் பிள்ளைகள் என்னைக் கண்டால் "ஊது பாப்பா, ஊது" என்று கத்தின. வாத்தியாரிடம் விளக்கம் சொல்லப் போன நைனாவை அவர் வாசலிலேயே நிறுத்தி, "எட்டி நின்னு பேசுப்பா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாராம். வீட்டுக்கு வந்த நைனா, "இனிமே புட்டி வேணாம் பாப்பா" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

கான்ஸ்டபிள் எடுக்காத புட்டி ஒன்று என் துணிப்பெட்டியில் இருந்தது. அதிகாரி வரும் நாள் காலையில், வாத்தியார் வெளுத்து மடித்த அங்கவஸ்திரத்தை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுத் தோரணம் கட்டப் போனார். புட்டியில் இருந்த கடைசிச் சொட்டுவரை அதன் மடிப்புக்குள் கவிழ்த்தேன். அதிகாரி முகர வேண்டும், "ஊது" என்று சொல்ல வேண்டும், ஊரே பார்க்க வேண்டும். அதற்காக இதுவரை ஒரு நாளும் நான் வருந்தியதில்லை.

ஆனால் அதிகாரி நேரத்துக்கு வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் ஜீப் வந்தது. அதற்குள் நாற்காலியிலேயே துணி காய்ந்திருந்தது, வாத்தியார் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மாலை போட நெருங்கிய வாத்தியாரிடம் அதிகாரி மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "மஞ்சி வாசன ஒஸ்துந்தே மாஸ்டாரு! ஏம் சென்ட்டு?" என்று கேட்டார். நல்ல வாசனை வருகிறதே, என்ன சென்ட் என்று. வாத்தியார் ஒரு நொடிகூடத் தயங்காமல், "மைசூர் நிஞ்சி தெப்பிஞ்சானண்டி" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மைசூரிலிருந்து வரவழைத்தாராம்! என் நைனாவின் புட்டி அவர் தோளில் ஏறியதும் மைசூர் சென்ட்டாகிவிட்டது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்று அதைக் கேட்டேன். நைனா வரவே இல்லை.

புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. வாத்தியார் சில காலத்தில் மாற்றலாகிப் போனார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், திருப்பதியிலேயே குடியேறினேன். அவரைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்துவிட்டேன். முன்வரிசை நாற்காலியில், தோளில் அங்கவஸ்திரத்தோடு, வற்றிப்போய் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் படிக்கும் என் மகள் அன்று சிங்கப்பூரிலிருந்து அத்தை அனுப்பிய வனிலா சென்ட் போட்டிருந்தாள். வேண்டுமென்றேதான் அவளை அவர் முகத்தருகே கொண்டுபோய் நிறுத்தினேன். அவரிடம் ஓர் அசைவும் இல்லை.

"மாமாவுக்கு வாசனையே தெரியாதுங்க. காய்ச்சல்ல மூக்கு போயி ரொம்ப வருசமாச்சு. பால் தீஞ்சாக்கூடத் தெரியாது" என்றார் அவருடைய மருமகள்.

நான் யாரென்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, புத்தூர் பொண்ணு! ஆபீசர் முன்னாடி என்னமா பாடின நீ! இன்னும் காதுல கேக்குது."

"நான் பாடல சார். என்ன ஊதச் சொல்லி வெளிய அனுப்பினீங்க. எங்க நைனாவக் குடிகாரன்னீங்க."

"அப்படியா?" என்று சிரித்தார். "இல்லம்மா, நீதான் பாடின." பிறகு என் மகளைப் பார்த்து ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். அவள் குனிந்தாள். அந்தக் கை அவள் தலையைத் தொடுவதற்குள் அவள் தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். "வேணாம். வா." கை அப்படியே காற்றில் நின்றது.

ரொட்டிக்கடை இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ் இருக்கிறது. நைனா போய்விட்டார். அந்தப் புட்டியும் தக்கையும் எந்தக் கடையிலும் இல்லை. மகளின் சென்ட்டை அவள் தோழிகள் ஐஸ்கிரீம் என்கிறார்கள். எனக்கு அதில் முதலில் வரும் நெடி மட்டும்தான் தெரிகிறது, அதன் பின்னால் வர வேண்டிய இனிப்பு வருவதே இல்லை.

தினமும் காலையில் அவள் சென்ட் போட்டதும், "காயட்டும், அப்புறம் போ" என்று தடுக்கிறேன். "இதுல காயறதுக்கு என்னம்மா இருக்கு, பஸ் போயிடும்" என்று சலித்துக்கொள்கிறாள். அந்தக் கிழவரின் கை காற்றில் தொங்கியதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு, பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை அவளை வாசல் வெயிலில் நிறுத்திவைக்கிறேன்.