பாலனுக்குச் சுற்றிய சட்டை

தம்பி மூன்று நாள்தான் இருந்தான். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். சிவப்பாக, முகத்தைச் சுளித்துக்கொண்டு தூங்கினான். சாமியார் வர நேரமில்லாமல், அப்பாவே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாராம். கல்லறைக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. கீழ்வீட்டில், வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை கிடைத்ததால், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர்கள் அந்த ஊர் விவசாயக் குடும்பம். நிலம் கம்பெனிக்குப் போய், இரண்டு பசுமாடுகள் மிச்சம்.

அது நவம்பர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா அழவே இல்லை. சமைத்தாள், துவைத்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அழாததால் அவளுக்குச் சரியாகிவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

மற்ற வருடங்களில் டிசம்பர் பிறந்ததுமே வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கும். அந்த முறை கட்டிலுக்கு அடியில், குடில் வைக்கும் பொம்மைகள் இருந்த பெட்டியை யாரும் தொடவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "இந்த வருசம் வேண்டாம் மக்களே. அம்மைகிட்ட கேக்காத" என்றார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. தம்பி செத்துப்போனதற்கு இயேசு என்ன செய்வார்? அவருடைய பிறந்தநாளை ஏன் நிறுத்த வேண்டும்?

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் அப்பா ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். நான் ஓசைப்படாமல் பெட்டியை இழுத்தேன். கீழே போய் வைக்கோல் கேட்டேன்.

"இன்னாத்துக்கு?" என்றார் வீட்டுக்கார அம்மா.

சாமி பிறக்கப்போகிறது என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தார்.

அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மாட்டுக்கொட்டகை செய்தேன். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடுகள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாலன் இயேசுவின் சுரூபம் கையில் சில்லென்றிருந்தது. இடுப்பில் ஒரு துணிதான். மார்கழிக் குளிரில் எப்படிப் படுப்பார் என்று தோன்றியது. தம்பிக்காக அம்மா தைத்திருந்த வெள்ளைச் சட்டை பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. அதை எடுத்து அவரைச் சுற்றினேன்.

திரும்பினால் அம்மா நிற்கிறாள்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து, பாலனை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. அது அம்மாவிடமிருந்துதான் வந்தது என்று நம்பச் சற்று நேரமானது. வீட்டுக்கார அம்மா படியேறி ஓடிவந்தார். சட்டையைப் பார்த்ததுமே அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழுதுடும்மா, நல்லா அழுதுடு" என்றார். நான் சுவரோரமாக நின்றேன். சரியாகிப்போயிருந்த அம்மாவை நான்தான் கெடுத்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாலனைச் சட்டையோடு வைக்கோலில் கிடத்தினாள். நள்ளிரவுப் பூசை முடிந்துதான் பாலனை வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் என்னை அதட்டியவள், அன்று பகலிலேயே வைத்தது எனக்கு ஆச்சரியம்.

வீட்டுக்கார அம்மா குடிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, சாமின்னா மேலயே இருந்துகினு வரம் குடுத்தா ஆவாதா? இன்னாத்துக்கு இப்டிக் கொழந்தையா வந்து மாட்டுக் கொட்டாய்ல பொறக்கணும்?" கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அம்மா யோசித்தாள். "மேலயே இருந்தா நம்ம வலி அவருக்கு எப்பிடித் தெரியும்? அதான் ஒரு அம்மை வயித்துல வந்து பொறந்தாரு. அந்த அம்மையும் பிள்ளையப் பறிகொடுத்தவதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் இதே கேள்விக்குப் பதில் சொல்லிப் பரிசு வாங்கியிருந்தேன். "அப்படி இல்லம்மா. பாவத்துல இருந்து நம்மள மீட்கத்தான் பொறந்தாரு. சிஸ்டர் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தனை வாரங்களில் அன்றுதான் முழுசாகப் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"அதுக்குந்தான் மக்களே" என்றாள்.

வேறு எதற்கெல்லாம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா தப்பாகச் சொன்னதைத் திருத்திவிட்ட திருப்தியோடு, சாய்ந்து கிடந்த ஓர் ஆட்டை எடுத்து நிறுத்தினேன்.