ஷெல் அவுட்டும் பதினாலு கிலோ இறாலும்

காசிமேட்டு இறால் கொட்டகையில் ஆங்கிலம் என்றால் மேஸ்திரி டில்லிபாபுதான். பன்னிரண்டாம் வகுப்பில் அவர் தேறிய ஒரே பாடம் அது என்பதால், வெளிநாட்டு வியாபாரிகளின் செய்திகளுக்குப் பொருள் சொல்லும் பொறுப்பை முதலாளி அவரிடமே விட்டிருந்தார். இறால் உரிக்கும் பெண்கள் அவரை இருபது வருடமாக 'இங்கிலீஷ் சார்' என்றார்கள். சம்பளத்தைவிட அந்தப் பட்டத்தைத்தான் அவர் பெரிதாக மதித்தார். அவர் சம்பளம் தெரிந்தவர்கள் இதில் வியப்படைவதில்லை.

அன்று காலை துபாய் வியாபாரியிடமிருந்து செய்தி: 'வில் ஷெல் அவுட் ஃபார் ஆல் டூ ஹன்ட்ரட் கிலோஸ்.'

டில்லிபாபு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஷெல் என்றால் ஓடு. அவுட் என்றால் வெளியே. இருநூறு கிலோவுக்கும் ஓடு வெளியே. பெண்களை உரிக்கச் சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் வேலையில் இறங்க, மூத்தவளான கெங்கம்மா மட்டும் கூடையைத் தொடவில்லை. எப்போதும் ஓட்டோடு வாங்குகிற ஆள் இன்றைக்கு ஏன் மாறினான், அவனையே கேட்டுப் பார் என்றாள். கேட்பதாவது! இங்கிலீஷ் சாரே அர்த்தம் கேட்டால் பட்டம் என்னாவது? ஆனால் சரக்கு திரும்பி வந்தால் நஷ்டம் தன் சம்பளத்தில்தான் விழும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"அவன் இன்னா சொன்னானோ அத்த அப்டியே சொல்லு நைனா."

வாசித்தார். பள்ளிக்கூடப் படி ஏறாத கெங்கம்மா ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுட்டுன்னா அவுக்கிறதுதான? துட்ட அவுக்கிறேன்றான். மனசே இல்லாம அவுக்கிறான் போல கீது."

எல்லாரும் சிரித்தார்கள். டில்லிபாபுவும் சிரித்துவிட்டு, ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய் கைபேசியில் 'ஷெல் அவுட்' என்று தேடினார். 'பணம் கொடுத்தல், பெரும்பாலும் மனமில்லாமல்.' இரண்டு முறை படித்தார். மனமில்லாமல் என்பதுகூட அவளுக்கு எப்படித் தெரிந்தது? முந்தானை முடிச்சை அவிழ்த்தே காசு கொடுத்துப் பழகியவள். அந்தத் தயக்கத்தை அவள் அகராதியில் தேட வேண்டியதில்லை.

திரும்பி வந்து நிறுத்தச் சொன்னபோது பதினாலு கிலோ இறால் ஓட்டை இழந்திருந்தது. அதைத் தானே வாங்கிக்கொள்வதாக அறிவித்தார்.

"ஒரிச்ச கூலி?" என்றாள் கெங்கம்மா.

டில்லிபாபு பர்ஸைத் திறந்தார். உள்ளே போன விரல்கள் வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது. கெங்கம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"பாத்துக்கடி. இதான் ஷெல்லு அவுட்டு."

இங்கிலீஷ் சார் திருத்தவில்லை. அர்த்தம் சரியாகத்தான் இருந்தது.