கடகொளாவில் நின்ற ரயில்

சித்தையன் நஞ்சன்கூடு பம்பு ஹவுஸில் இராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு, கிரீஸ் கையைக் கழுவியதும் கழுவாததுமாக மைசூர் ரயிலில் ஏறுவார். கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பம். முப்பது வயதில் மைசூர்க் காலேஜில் பி.எஸ்ஸி. சேர்ந்திருந்தார். தொடர்ந்து இராத்திரி ஷிப்ட் இந்த ஒரு வருஷம்தான் தர முடியும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ஆகவே 1955 மார்ச்சில் ரசாயனச் செய்முறைத் தேர்வைத் தவறவிட்டால் படிப்பு அத்தோடு சரி.

ரசாயன லெக்சரர் பத்மாஸினி சித்தையனைவிட நாலு வயது சிறியவள். அந்த ரயிலின் லட்சணம் தெரிந்து, வருகைப் பதிவை வகுப்பின் கடைசியில்தான் எடுப்பாள். முன்வரிசைப் பையன்கள் முணுமுணுத்தபோது, உள்ளே வருகிறவர்களை அல்ல, கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்களைத்தான் தான் எண்ணுவதாகச் சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட்டாள்.

தேர்வு நாளன்று ரயில் பாதி வழியில், கடகொளா ஸ்டேஷனில் நின்றது. எஞ்சின் கோளாறு. எப்போது கிளம்பும் என்று கார்டுக்கே தெரியவில்லை. சித்தையன் கொஞ்ச நேரம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தோரமாக மைசூர்த் திக்கில் ஓடத் தொடங்கினார். பெண்கள் பெட்டியின் ஜன்னலிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. பத்மாஸினி.

"சித்தையன், எங்கே ஓடறீங்க?"

"பரீட்சைங்க மேடம். ஓடியாவது போய்ச் சேந்தர்றனுங்க."

"வண்டியில ஏறுங்கோ. நானில்லாம அங்கே யாரு பரீட்சை வைக்கப் போறா? லேப் சாவி, தராசு ரூம் சாவி ரெண்டும் என் பையிலதான் இருக்கு."

மைசூரில் வீடு இருக்கிறவள் இந்த ரயிலில் எப்படி வந்தாள்? நேற்றே நஞ்சன்கூட்டுக்கு வந்து அக்கா வீட்டில் தங்கியிருக்கிறாள். எதற்கு என்று சித்தையன் கேட்டார்.

"அக்கா கைப் புளியோதரைக்கு" என்றாள் சிரிக்காமல்.

ஒருவழியாக எஞ்சின் ஊதியது. மைசூருக்குள்ளேயே இருக்கும் சாமராஜபுரம் ஸ்டேஷனில் இறங்கி இருவரும் காலேஜுக்கு ஓடினார்கள். பத்மாஸினியின் பை சித்தையன் தோளில். தாழ்வாரத்தில் மாணவர்கள் கூட்டமாக நின்றார்கள். பெங்களூரிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டினார். ரயில் தாமதம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பத்மாஸினி லேப் கதவைத் திறந்தாள். மூச்சு வாங்க முதல் ஆளாக உள்ளே போனவர் சித்தையன்.

தேறினார். பம்பு ஹவுஸை விட்டு, ஓய்வு பெறும்வரை குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்ட்டாக இருந்தார்.

போன ஆவணியில் காலமானார். அதற்கு முந்தின வாரம், ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடம் இந்த ஓட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். படுக்கச் சொல்லி நர்ஸ் இரண்டு தடவை வந்தாள். சொல்லி முடிக்கும்வரை படுக்கவில்லை.