இன்ஜினீயர் குடித்த தண்ணீர்

எங்கள் அப்பார்ட்மெண்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுகிறார்கள். குப்பை வண்டி, தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிடும். நான் போவதில்லை. திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசிக்கொள்ளட்டும். ஒன்பது வயதில் ஒரு கூட்டத்துக்குப் போய் நான் செய்த காரியமே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அப்போது கோயமுத்தூரில் பழைய மில் ஒன்றின் பின்வீதியில் குடியிருந்தோம். சிறுவாணித் தண்ணீர் மாதிரி உலகத்திலேயே கிடையாது என்று ஊரே பீற்றிக்கொள்ளும். எட்டு நாளைக்கு ஒருமுறை எங்கள் வீதிக்கு வரும் அந்த அமிர்தத்தில் சாக்கடை நாற்றம் குப்பென்று அடிக்கும். குழாய் சாக்கடைக்குள்ளேயே போவதும், அதில் எங்கேயோ ஓட்டை விழுந்திருப்பதும் வீதியில் எல்லோருக்கும் தெரியும்.

தம்பிக்கு நாலு வயது. அதற்குள் இரண்டு முறை டைபாய்டு வந்து எலும்பும் தோலுமாகியிருந்தான். இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா நாள் முழுக்கத் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே இருப்பாள். ஆனால் விளையாடுகிற பிள்ளையின் வாயை எத்தனை நேரம் பொத்திவைக்க முடியும்? தண்ணீர் விடும் நாளில் வாசல் குழாயில் வாயை வைத்து உறிஞ்சிவிட்டு ஓடிவிடுவான்.

அப்பா பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுபவர், வீதி நலச் சங்கத்துக்குச் செயலாளரும்கூட. மரியாதை என்றால் அவருக்கு உயிர். ஒரு மனுவில் ‘நாற்றம்’ என்று எழுதிவிட்டு, பெரிய அதிகாரிகள் படிப்பதாயிற்றே என்று அதை அடித்து, ‘வாசனையில் சிறு மாறுதல்’ என்று திருத்தி எழுதினார். அப்படி ஒன்பது மனுக்கள் போயின. ஒன்றுக்கும் பதில் இல்லை.

பத்தாவது மனுவுக்கு நேரிலேயே வருவதாக மாநகராட்சிக் குடிநீர் இன்ஜினீயர் சொல்லியனுப்பினார். பிள்ளையார் கோயில் முன்னால் சாமியானா போட்டு நாற்காலி வாடகைக்கு எடுத்தார்கள். கவுன்சிலரும் வந்தார். இருவருக்கும் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, வரவேற்புரை வாசித்து முடிவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆத்திரத்தோடு வந்தவர்கள்கூட எழுந்து நின்றதும், ‘ஏனுங்க சார், உங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும்ங்க’ என்றுதான் ஆரம்பித்தார்கள். பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்பா மனுவோடு எழுந்ததும் அம்மா என் கையில் ஒரு சொம்பைக் கொடுத்தாள். மேலே தட்டு மூடியிருந்தது. “அந்த இன்ஜினீயர் சார் கையிலயே குடுக்கோணும் கண்ணு. வேற ஆருக்கும் குடுத்துப்போடாதே” என்றாள்.

எங்கள் பக்கம் யார் வந்தாலும் ‘வாங்க’ என்ற கையோடு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு. வந்தவர் ஒரு வாயாவது குடிக்காமல் வைக்கமாட்டார், வைத்தால் வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். இத்தனை மனுவும் பேச்சும் சொல்லாததை அந்த ஒரு வாய் சொல்லிவிடும் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள். அது அப்பாவுக்கே தெரியாது, எனக்கும் வளர்ந்த பிறகுதான் புரிந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவிடம் ஓடிப்போய் உளறிவிடுவேன் என்று பயந்திருப்பாள் போல.

நாலு எட்டு நடந்ததும் தட்டை நீக்கிப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர்! கலங்கலாக, அந்தப் பாழாய்ப்போன நாற்றத்தோடு. அவசரத்தில் அம்மா குடம் மாற்றி மோந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒருமுறை விருந்தாளிக்கு எறும்பு மிதந்த தண்ணீரைக் கொடுத்ததற்கு அத்தை என் தொடையில் கிள்ளியது இன்னும் வலித்தது. அதே அத்தை வீடு கோயிலுக்குப் பக்கத்தில்தான். ஓடிப்போய், சொம்பைச் சாக்கடையில் கவிழ்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, அங்கிருந்த கேன் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தேன். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அத்தனை பெருமை எனக்கு.

அப்பா ‘வாசனையில் சிறு மாறுதல்’ என்ற இடத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இன்ஜினீயர் வெயிலில் வந்தவர், சொம்பை அண்ணாந்து முக்கால்வாசி குடித்துவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, “ஆரு ஊட்டுத் தண்ணி கண்ணு இது?” என்று கேட்டார்.

“எங்க ஊட்டுத் தண்ணிதானுங்க சார்” என்றேன், மைக் வரைக்கும் கேட்கும்படி.

“ஏனுங்க செயலாளர், இப்படி இனிக்குதுங்களே, இதுக்குங்களா பத்து மனு?” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

கூட்டமும் சிரித்தது. வந்த மனிதர் சிரிக்கும்போது மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வது எப்படி? அப்பாவும் சிரித்தார். பெற்ற மகள் பொய் சொல்கிறாள் என்று சபையில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். “ஏனுங்க, அது வந்துங்க…” என்று தொடங்கினாள். உட்காருங்க அம்மணி, எல்லாத்தையும் பேசிக்கலாம் என்று கவுன்சிலர் கையமர்த்திவிட்டு நாய்த் தொல்லைக்குப் போய்விட்டார். அம்மா தம்பியை மறுபடி மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் நானே பெருமையாகச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைக்க எனக்குக் காரணமே இல்லை. அவளும் அடிக்கவில்லை. என் தலையைக் கோதிவிட்டு, “உன்னைய நல்லாத்தான் வளத்தியிருக்கறேன்” என்றாள். பாராட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசி மழையில் தம்பிக்கு மூன்றாவது முறை காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. எத்தனை பேர் எத்தனை ஆறுதல் சொன்னாலும் அந்தச் சொம்பைக் கவிழ்த்தவள் நான்தான்.

பிள்ளை செத்ததும் எல்லோருக்கும் வேகம் வந்துவிட்டது. மனுவே போடவில்லை, ஆட்கள் தாமாக வந்தார்கள். ஒரே வாரத்தில் சாக்கடையைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டார்கள். தண்ணீர் விட்ட அன்றைக்கு நான்தான் முதலில் பிடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது, துளி நாற்றமில்லை. டம்ளரோடு அம்மாவிடம் ஓடி, “அம்மா, நீ கேட்டது கெடச்சிருச்சும்மா” என்று நீட்டினேன்.

அவள் டம்ளரை வாங்கவில்லை. வாசலுக்குப் போய்க் குழாயை இறுக மூடினாள். அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து, வீதியே எட்டிப் பார்க்கும்படி அழுதாள். நான் உள்ளே ஓடி, அம்மா சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அப்பாவிடம் சொன்னேன்.